இரண்டு வாரம் ஓய்வெடுத்தும் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் ஏன் திரும்ப வருகிறது?

கேள்வி இதுதான்: ஓடத் தொடங்கி ஐந்தாவது வாரத்தில் இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே, உட்பக்கமாக வலி. ஐஸ் வைத்து, இரண்டு வாரம் ஓடாமல் இருந்ததில் வலி போய்விட்டது. மறுபடி ஓடப் போன முதல் வாரத்திலேயே அதே இடத்தில் அதே வலி. இது ஷின் ஸ்ப்ளின்ட்ஸா, எலும்பில் விரிசலா? ஷூவை மாற்ற வேண்டுமா? இரண்டு மாதத்தில் வரும் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது, ஓடலாமா?

ஓட்டத்தை ஒரேயடியாக விட வேண்டியதில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லும் இடம், வலி வந்த நேரம், இரண்டு காலிலும் இருப்பது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஷின் ஸ்ப்ளின்ட்ஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஓட்டத்தின் சுமையால் கீழ்க்கால் எலும்பின் உள்விளிம்பை ஒட்டி வரும் வலி இது. மருத்துவச் சீட்டில் மீடியல் டிபியல் ஸ்ட்ரெஸ் சிண்ட்ரோம் என்று எழுதுவார்கள். ஆனால் ஊகத்தோடு நிற்க வேண்டாம். வீட்டிலேயே கையை வைத்துப் பார்த்து ஓரளவு தெளிவு பெற முடியும்.

நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கும் காலைத் தூக்கி மற்ற தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். கணுக்காலின் உட்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு தெரியும். அங்கிருந்து கட்டைவிரலை மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். முன்பக்கம் தோலுக்கு அடியிலேயே வழவழவென்று எலும்பு. பின்பக்கம் மெத்தென்று கெண்டைச் சதை. இரண்டும் சந்திக்கும் விளிம்பு ஒன்று இருக்கிறது. அந்த விளிம்பை ஒட்டியே ஒவ்வொரு விரல் அகலத்துக்கும் ஒருமுறை அழுத்திக்கொண்டு முழங்கால்வரை போங்கள். கீழ்க்காலின் நடுப்பகுதியிலிருந்து கணுக்காலை நோக்கிய பகுதியில், 5 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளத்துக்குத் தொடர்ந்து வலித்தால் அது ஷின் ஸ்ப்ளின்ட்ஸின் அடையாளம். எந்த இடம் என்று விரலால் சுட்டச் சொன்னால், இந்த வலி உள்ளவர்கள் பெரும்பாலும் உள்ளங்கையால் மேலும் கீழும் தடவிக் காட்டுவார்கள்.

அதற்கு மாறாக, ஒரு நாணய அளவு இடத்தில் மட்டும் அழுத்தினால் உயிர் போகிறது, அதற்கு மேலேயும் கீழேயும் ஒன்றுமில்லை என்றால் கவனம் தேவை. அது ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சராக, அதாவது எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம். இன்னொரு சோதனையும் உண்டு. எலும்பின் உட்பக்கத் தட்டையான பகுதியில் கட்டைவிரலை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு எடுங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் அங்கே நீர் கோத்திருக்கிறது என்று பொருள். விளிம்பு நெடுக அழுத்தினால் வலியும் இருக்கிறது, குழியும் விழுகிறது என்றால் அது ஷின் ஸ்ப்ளின்ட்ஸாக இருக்கும் வாய்ப்பு இன்னும் கூடுகிறது.

விரிசல் இருக்கிறதா என்ற சந்தேகத்தைத் தீர்க்க வலியின் போக்கையும் கவனியுங்கள். ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் ஆரம்பக் கட்டத்தில் ஓட்டத்தின் தொடக்கத்தில் வலிக்கும், உடம்பு சூடானதும் அடங்கும், ஓடி முடித்துக் குளித்து உட்கார்ந்த பிறகு மறுபடி தலைகாட்டும். மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கும்போது இறுக்கமாக இருக்கும். முற்றும்போது ஓட்டம் முழுவதும் வலிக்கும். விரிசல் அப்படி இல்லை. ஓட ஓட வலி கூடிக்கொண்டே போகும், நிறுத்தினாலும் உடனே விடாது. சாதாரணமாக நடக்கும்போதும் வலிக்கிறது, ராத்திரி படுத்திருக்கும்போது வலி எழுப்புகிறது, ஒற்றைக் காலில் குதித்தால் அந்த ஒரே புள்ளியில் சுருக்கென்கிறது என்றால் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ பாருங்கள். எலும்பின் உள்விளிம்பில் இல்லாமல் நேர்முன்பக்க முனையில், நட்டநடுவே ஒரு புள்ளியில் வலி என்றால் இன்னும் அவசரம். அந்த இடத்தில் வரும் விரிசல் ஆறுவது கடினம். ஓடும்போது எலும்பின் முன்பக்கம் இழுபடுகிறது. அங்கே ரத்த ஓட்டமும் குறைவு.

எக்ஸ்ரே பற்றி ஒரு விஷயம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொன்னதும் பலர் நிம்மதியாக மறுநாளே ஓடப் போய்விடுகிறார்கள். விரிசல் வந்த முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரே பெரும்பாலும் எதையும் காட்டாது. சந்தேகம் வலுவாக இருந்தால் எம்ஆர்ஐதான் பதில் சொல்லும். அதே சமயம், கையால் பார்த்தே தெளிவாகத் தெரியும் ஷின் ஸ்ப்ளின்ட்ஸுக்கு எம்ஆர்ஐ எடுப்பது பணத்துக்குக் கேடு. வலியே இல்லாத ஓட்டக்காரர்களின் எம்ஆர்ஐயிலும் எலும்பில் சிறு மாற்றங்கள் தெரிவதுண்டு. அதைப் பார்த்து வீணாகப் பயப்படுவதுதான் மிச்சம்.

இதே இடத்துக்கு அருகில் வலி தரும் வேறு சிலவும் உண்டு. ஓடத் தொடங்கிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே நேரத்தில், கால் கல்லாக இறுகி வெடிக்கப்போவது போலாகிறதா? பாதம் மரத்துப்போகிறதா? நின்ற சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிடுகிறதா? அது தசையைச் சுற்றியுள்ள உறைக்குள் அழுத்தம் கூடும் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம். எலும்பை அழுத்தினால் வலிக்காது என்பதை வைத்தே பெரும்பாலும் பிரித்துவிடலாம். பாதம் சில்லிட்டு வெளுத்துப்போகிறது என்றால் ரத்தக்குழாய் பிரச்சினையாக இருக்கலாம். ஓட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரே காலின் கெண்டை மட்டும் வீங்கிச் சூடாக, தொட்டால் வலிப்பதாக இருந்தால் ரத்தக் கட்டியா என்று அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். அதைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் கொண்டுபோய்க் காலத்தை வீணாக்காதீர்கள்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரம் ஓய்வெடுத்தும் ஏன் திரும்ப வந்தது?

ரொம்ப நாளாக இதைத் தசையின் பிரச்சினையாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். கெண்டைச் சதைக்கு அடியில் இருக்கும் சோலியஸ் போன்ற தசைகளும் அவற்றை மூடியிருக்கும் உறையும் எலும்பின் மேலுறையைப் பிடித்து இழுக்கின்றன, அங்கே அழற்சி வருகிறது என்பது பழைய விளக்கம். அதனால்தான் ஐஸ் வை, மாத்திரை போடு, கெண்டையை நீட்டிவிடு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த இழுப்புக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் பாதிக்கப்பட்ட இடத்துத் திசுவை எடுத்துப் பார்த்தபோது அழற்சிக்கான தடயம் பெரிதாக இல்லை. அந்த இடத்து எலும்பின் அடர்த்தி குறைந்திருப்பதும், வலி முழுக்கப் போன பிறகு அடர்த்தி திரும்ப ஏறுவதும் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே இன்று பலரும் இதை எலும்பு சுமை தாங்காமல் திணறும் பிரச்சினையாகவே பார்க்கிறார்கள். என் கருத்தும் அதுதான்.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை தரையிலிருந்து மேலே வருகிறது. அதோடு தசைகள் இழுக்கும் விசையும் சேர, கீழ்க்கால் எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிமிர்கிறது. 5 கிலோமீட்டர் ஓடினால் ஒரு காலுக்குச் சுமார் 2,500 முறை. இதனால் எலும்பில் நுண்ணிய சேதம் ஏற்படுவது இயல்பானது, தேவையானதும்கூட. அந்தச் சேதத்தைப் பார்த்துத்தான் உடம்பு எலும்பைப் புதுப்பிக்கிறது. புதுப்பிக்கும் முறையில்தான் சிக்கல். முதலில் பழைய எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து மூன்று நான்கு வாரம் வேலை பார்க்கும். பிறகுதான் புதிய எலும்பை இடும் செல்கள் வந்து அந்தக் குழிகளை நிரப்பும். அது கெட்டிப்படச் சில மாதங்கள் ஆகும். பழைய சாலையைக் கொத்திப்போட்டாயிற்று, தார் இன்னும் வரவில்லை, ஆனால் லாரிகளை அதற்குள் விட்டாயிற்று என்ற நிலைமை.

எனவே புதிதாக ஓடத் தொடங்கியவரின் எலும்பு மூன்றாவது வாரத்திலிருந்து ஐந்தாவது வாரம்வரை, தொடங்கிய நாளைவிடப் பலவீனமாகவே இருக்கும். ஆனால் மூச்சும் இதயமும் அதற்குள் பழகியிருக்கும். முதல் வாரம் மூச்சு வாங்கிய தூரம் இப்போது சுலபமாக இருக்கும். ‘நன்றாகப் போகிறதே, இன்னும் இரண்டு கிலோமீட்டர் கூட்டுவோம், கொஞ்சம் வேகமாகப் போவோம்’ என்று தோன்றுவதும் சரியாக இந்த வாரங்களில்தான். உங்களுக்கு ஐந்தாவது வாரத்தில் வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இப்போது உங்கள் ஓய்வைப் பாருங்கள். இரண்டு வாரத்தில் வலி அடங்கிவிட்டது. எலும்பு புதிதாகக் கட்டி முடிவதற்கு அந்த இரண்டு வாரம் எந்த மூலைக்கும் போதாது. கெண்டைத் தசையோ சும்மா இருந்ததில் முன்பைவிடத் தளர்ந்திருக்கும். அந்த நிலையில், விட்ட இடத்திலிருந்தே, பழைய தூரத்தையே பழைய வேகத்தில் ஓடியிருப்பீர்கள். வலி இல்லை என்பதையும் குணமாகிவிட்டது என்பதையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதில்தான் இந்தப் பிரச்சினை வருடக்கணக்கில் இழுக்கிறது. ஓய்வு, வலி போகிறது, ஓட்டம், வலி வருகிறது, மறுபடி ஓய்வு. ஒவ்வொரு சுற்றிலும் தசை இன்னும் கொஞ்சம் தளர்கிறது. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம் என்பதும் நன்றாகத் தெரிந்த விஷயம்.

எவ்வளவு நாள் ஆகும்? 2012இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில் இந்த வலி உள்ள விளையாட்டு வீரர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் படிப்படியாகக் கூட்டும் ஓட்டத் திட்டம்; ஒரு குழுவுக்குக் கூடவே கெண்டைத் தசைப் பயிற்சி, இன்னொரு குழுவுக்கு இறுக்கமான காலுறை. தொடர்ந்து 18 நிமிடம் ஓடும் நிலைக்கு வர மூன்று குழுவுக்குமே சராசரியாக 100 நாளுக்கு மேல் ஆனது. குழுக்களுக்கிடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதைப் படித்துச் சோர்ந்துபோக வேண்டாம். அவர்களில் பலருக்கு அது நாள்பட்ட வலி. ஆரம்பத்திலேயே பிடித்தால் ஆறு முதல் பத்து வாரத்தில் நல்ல நிலைக்கு வருபவர்கள் நிறைய. ஆனால் பத்து நாளில் சரியாக்குகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முதல் கட்டமாக எலும்பின் மேல் சுமையைக் குறைக்க வேண்டும். முழுக்க நிறுத்துவதா, குறைப்பதா என்பது வலியைப் பொறுத்தது. நடந்தாலோ மாடி இறங்கினாலோ வலிக்கிறது என்றால் ஓட்டத்தை முழுவதுமாக நிறுத்துங்கள். வலி ஓட்டத்தின்போது மட்டும் லேசாக வந்து மறுநாள் காலைக்குள் சுவடில்லாமல் போகிறது என்றால், தூரத்தைப் பாதியாக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள், மெதுவான ஓட்டமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். வேக ஓட்டமும் இறக்கத்தில் ஓடுவதும் கூடவே கூடாது. சுமை சற்றுக் கூடினாலும் எலும்பின் சேதம் அதைவிடப் பல மடங்கு வேகமாகக் கூடும். தூரத்தைவிட வேகம் மோசம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த நாட்களில் மூச்சுத்திறன் போய்விடுமே என்ற கவலை எல்லோருக்கும் வரும். சைக்கிள், நீச்சல், ஆழமான தண்ணீரில் பாதம் தரையில் படாமல் ஓடுவது, மூன்றும் நல்லவை. சைக்கிளில் ஓட்டத்துக்கு நிகராக மூச்சு வாங்க ஓட்டலாம். எலும்புக்குத் தட்டு விழாது. ஸ்கிப்பிங் இந்த வரிசையில் சேராது. ஓடக் கூடாது என்றார்களே என்று ஸ்கிப்பிங் கயிற்றை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது தசை. அந்த நெதர்லாந்து ஆய்வில் பயிற்சிக் குழுவுக்குத் தனிப் பலன் தெரியவில்லையே, பிறகு எதற்கு என்று கேட்கலாம். லேசான பயிற்சிகளைத்தான் பெரும்பாலும் இந்த வலிக்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள். ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி இழுப்பதெல்லாம் ஓட்டத்தின் விசைக்கு முன்னால் ஒன்றுமில்லை. ஓடும்போது சோலியஸ் தசை மட்டும் உடல் எடையைப் போல ஆறேழு மடங்கு விசை தருகிறது. அதைத் தயார்ப்படுத்த வேண்டுமென்றால் கனமாகத்தான் வேலை கொடுக்க வேண்டும். ஆய்வு முடிவாக உறுதிசெய்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் தளர்ந்த கெண்டையோடு வருபவர்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்து, எனக்கு இதில் நம்பிக்கை உண்டு.

முதலில் உங்கள் கெண்டை எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். சுவரில் விரல் நுனியை மட்டும் வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, முழங்காலை மடக்காமல் குதிகாலை முடிந்தவரை உயர்த்தி இறக்குங்கள். மேலே ஏற இரண்டு விநாடி, இறங்க இரண்டு விநாடி. உயரம் குறையத் தொடங்கினாலோ, உடம்பு முன்னால் சாய்ந்து சுவரில் பாரம் இறங்கினாலோ எண்ணிக்கை அத்தோடு முடிந்தது. ஓடுபவருக்கு 25 வர வேண்டும். வாரம் நான்கு நாள் ஓடுபவர்களிலும் பலர் பன்னிரண்டு பதினைந்தில் நடுங்க ஆரம்பித்துவிடுவார்கள், அவர்களுக்கே அது அதிர்ச்சியாக இருக்கும். இரண்டு காலையும் தனித்தனியாகப் பாருங்கள். வலி அதிகமுள்ள காலில் எண்ணிக்கை குறைவாக இருப்பது சகஜம்.

பயிற்சியும் கிட்டத்தட்ட இதேதான். நின்றபடி குதிகால் உயர்த்துவது ஒன்று. உட்கார்ந்து, முழங்கால் மடங்கிய நிலையில், தொடைமேல் கனத்தை வைத்து உயர்த்துவது இன்னொன்று. முழங்கால் மடங்கினால் மேலே இருக்கும் பெரிய கெண்டைத் தசை தளர்ந்து, வேலை சோலியஸுக்குப் போகும். நமக்கு வேண்டியது அதுதான். முதல் இரண்டு வாரம் உடல் எடையோடு இரண்டு காலிலும், பிறகு ஒற்றைக் காலில், அப்புறம் முதுகில் ஒரு பையை மாட்டி அதில் கனத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். எட்டிலிருந்து பன்னிரண்டு முறை, மூன்று நான்கு சுற்று, வாரத்தில் மூன்று நாள். கடைசி இரண்டு முறை உண்மையிலேயே கஷ்டமாக இருக்க வேண்டும். அது சுலபமாக இருந்தால் கனம் போதவில்லை. சதையில் எரிச்சல் வருவது நல்லது. எலும்பு விளிம்பில் வலி வந்தால் அன்றைக்குக் கனத்தைக் குறையுங்கள்.

இதோடு, பாதத்தின் வளைவைத் தாங்கும் தசைகளுக்கும் இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளுக்கும் கொஞ்சம் வேலை கொடுங்கள். ஒற்றைக் காலில் நின்று இறங்கி எழுவதும், பக்கவாட்டில் படுத்துக் காலை உயர்த்துவதும் போதும். பாரம் ஏறும்போது பாதத்தின் உள்வளைவு அதிகமாகச் சரிபவர்களுக்கு இந்த வலி வரும் வாய்ப்பு கூடுதல். கெண்டையை நீட்டிவிடுவது இதமாக இருந்தால் செய்யுங்கள். அதுவே சிகிச்சை என்று நினைக்க வேண்டாம். ஃபோம் ரோலரைச் சதையில் உருட்டலாம், எலும்பின் மேல் உருட்டாதீர்கள். வலிக்கிற இடத்திலேயே அழுத்தி உருட்டினால் ‘முடிச்சு அவிழும்’ என்று சொல்வார்கள். அங்கே அவிழ்க்க முடிச்சு எதுவும் இல்லை, ஏற்கெனவே நொந்துபோன எலும்புதான் இருக்கிறது.

மறுபடி ஓடத் தொடங்குவது எப்போது? மூன்றும் சரியாக இருக்க வேண்டும்: அரைமணி நேரம் வேகமாக நடந்தால் வலி இல்லை, முதலில் செய்தது போல விளிம்பை அழுத்தினால் வலி பெரும்பாலும் போயிருக்கிறது, ஒற்றைக் காலில் பத்து முறை குதித்தால் வலி இல்லை. ஒரு வாரம் இப்படியே இருந்தால் தொடங்கலாம்.

முதல் நாள் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டு முறை. மொத்தமே எட்டு நிமிடம்தான் ஓட்டம். கேட்கும்போது சிரிப்பு வரும், பரவாயில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஓட வேண்டும். முதல் ஆறு வாரத்துக்கு இரண்டு நாள் தொடர்ச்சியாக ஓடவே கூடாது. ஓட்டத்தின்போது வலி பத்துக்கு இரண்டைத் தாண்டவில்லை, மறுநாள் காலை இல்லை என்றால் அடுத்த முறை ஒரு படி மேலே: ஓட்டம் இரண்டு நிமிடம், நடை ஒரு நிமிடம் என்று மாற்றுங்கள். மறுநாள் காலை வலி இருந்தால் அதே படியிலேயே இருங்கள். இரண்டாவது முறையும் வலித்தால் ஒரு படி கீழே. ஓடும்போது வரும் வலியைவிட மறுநாள் காலை வலியைத்தான் நம்ப வேண்டும். ஓட்டத்தின் சூட்டில் வலி மறைந்துகொள்ளும், காலையில் மறைய முடியாது. இருபது இருபத்தைந்து நிமிடம் நிற்காமல் ஓட முடிந்த பிறகு முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், அப்புறம் நாட்களை, கடைசியாக வேகத்தை.

வாரத்துக்குப் பத்து சதவீதம் மட்டும் கூட்ட வேண்டும் என்ற விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புதிதாக ஓடுபவர்களை வைத்து நெதர்லாந்தில் 2008இல் சோதித்துப் பார்த்தபோது, அந்த விதிப்படி மெதுவாகக் கூட்டியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் காயத்தில் வித்தியாசம் வரவில்லை. அதனால் சதவீதக் கணக்கில் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஒரே ஓட்டத்தில் திடீரென்று தூரத்தை எகிறவிடாதீர்கள், ஒரே வாரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றாதீர்கள். புது ஷூ போட்ட வாரம் தூரம் கூட வேண்டாம். மேட்டுப்பாதைக்கு மாறிய வாரம் வேகம் வேண்டாம்.

ஓடும் விதத்தில் ஒன்றை மட்டும் பார்க்கச் சொல்வேன். ஒரு பாதம் தரையில் படுவதை 30 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். அதுதான் நிமிடத்துக்கு நீங்கள் வைக்கும் அடிகள். 160க்குக் கீழே இருந்தால், அதே வேகத்தில் அடிகளின் எண்ணிக்கையை ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டிப் பாருங்கள். அடி குட்டையாகும், பாதம் உடம்புக்கு அருகிலேயே விழும், மோதல் குறையும். சீரான தாளத்தில் டிக் டிக் என்று ஒலிக்கும் மெட்ரோனோம் செயலி ஒன்றைக் காதில் போட்டுக்கொண்டு ஓட்டத்தில் சில நிமிடங்கள் மட்டும் பழகினாலும் சில வாரத்தில் வந்துவிடும். குதிகாலில் இறங்குவதை விட்டு முன்பாதத்தில் இறங்கு என்ற அறிவுரையை இப்போது எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கெண்டைக்கும் அதன் வழியே அதே எலும்புக்கும் புதிய சுமை.

ஷூவைப் பற்றிக் கேட்டீர்கள். அடிப்பகுதி ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால், 700, 800 கிலோமீட்டர் ஓடியிருந்தால் மாற்றுங்கள். அப்படி இல்லையென்றால் குற்றவாளி ஷூ இல்லை. போட்டு நடந்ததும் வசதியாகத் தோன்றும் ஷூவே நல்ல ஷூ, விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். மெல்லிய அடி கொண்ட ஷூவுக்கு அண்மையில் மாறியிருந்தால் மட்டும் பழையதற்குத் திரும்புங்கள். அதிர்ச்சியைத் தாங்கும் உள்ளடி சிலருக்கு உதவுகிறது, முயன்று பார்ப்பதில் தவறில்லை. இறுக்கமான காலுறையும் டேப்பும் ஓடும்போது இதம் தரலாம். அந்த இதத்தை நம்பித் தூரத்தைக் கூட்டாத வரைக்கும் சரி.

ஐஸ் வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதை மட்டும் செய்யாதீர்கள். உங்களிடம் இருக்கும் ஒரே அளவுகோல் வலி. அதை அணைத்துவிட்டால் எலும்பு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று தெரியாது. வலிக்கும் இடத்தில் அதிர்வலைகளைச் செலுத்தும் ஷாக்வேவ் சிகிச்சையால் சிலருக்குப் பலன் கிடைத்திருக்கிறது, ஆனால் அதற்கான ஆதாரம் அவ்வளவு வலுவானதில்லை. மூன்று மாதம் ஒழுங்காகச் சுமையைக் கட்டுப்படுத்திப் பயிற்சி செய்தும் நகரவில்லை என்றால் யோசிக்கலாம்.

ஒன்றை யாரும் கேட்பதில்லை, அதனால் நானே கேட்கிறேன்: எடை குறைப்பதற்காகத்தான் ஓடத் தொடங்கினீர்களா? சாப்பாட்டைப் பாதியாக்கி ஓட்டத்தை இரட்டிப்பாக்கும்போது உடம்பு எலும்பு கட்டும் வேலையைத் தள்ளிப்போடும். மாதவிடாய் தள்ளிப்போவதோ நின்றுபோவதோ இதன் தெளிவான எச்சரிக்கை. ஓடுவதால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடக் கூடாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆண்களிலும் இது உண்டு, அடையாளம்தான் அவ்வளவு வெளிப்படையாக இருக்காது. வைட்டமின் டி அளவை ஒருமுறை ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கும் உடல் எடை கூடுதலாக இருப்பவர்களுக்கும் ஓட்டத்துக்குப் புதியவர்களுக்கும் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் வரும் வாய்ப்பு அதிகம்; உங்கள் திட்டத்தை உங்கள் நண்பரின் திட்டத்தோடு ஒப்பிட வேண்டாம் என்பதற்கு இதுவே காரணம்.

இனி அந்த 10 கிலோமீட்டர். இரண்டு மாதம் என்றால் எட்டு வாரம். முதல் இரண்டு மூன்று வாரம் வலி அடங்கவும் கெண்டையைக் கட்டவும் போகும். மீதி ஐந்து வாரத்தில் நடை-ஓட்டத்தில் தொடங்கி எல்லாம் ஒழுங்காகப் போனால், அரைமணி நேரம் நிற்காமல் ஓடும் இடத்துக்கு வரலாம். அதை வைத்துப் பத்து கிலோமீட்டரைப் போட்டி வேகத்தில் ஓட முடியாது. போட்டிக்குப் பத்து நாள் முன்னால் 6 கிலோமீட்டரை மெதுவாக ஓடி, மறுநாள் காலை விளிம்பை அழுத்திப் பாருங்கள். வலி இல்லையென்றால் போய், ஐந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முடித்துவிட்டு வாருங்கள், கடிகாரத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வலி இருந்தால், அதே நிகழ்ச்சியில் 5 கிலோமீட்டர் பிரிவுக்கு மாற்றித் தருவார்களா என்று அமைப்பாளர்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள். முன்கூட்டியே கேட்டால் சில இடங்களில் மாற்றித் தருவார்கள்.